அப்பா குடித்த கரும்புச் சாறு

எனக்கு அப்போது எட்டு வயது. மிளகு பறிக்கும் நாளில் அப்பாவின் கண்கள் மஞ்சளாகிவிட்டன. சோற்றைக் கண்டாலே குமட்டினார். ஏணியில் ஏற முடியாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்கா, என் அத்தை, ஒரு வாரம் வேரும் தழையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மஞ்சள் கூடியதே தவிர குறையவில்லை. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் அப்பா மலையிறங்கும் பஸ்ஸில் ஏறச் சம்மதித்தார். அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

சேந்தமங்கலத்தில் டாக்டர் அப்பாவின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். அப்பா துடித்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, கிருமி செய்த வேலை, கெட்ட தண்ணீரிலும் கழுவாத கையாலும் பரவும் என்றார் டாக்டர். இதற்கென்று தனி மருந்து கிடையாதாம். ஓய்வெடுத்து, காய்ச்சிய தண்ணீர் குடித்தால் ஈரல் பெரும்பாலும் தானாகத் தேறிவிடுமாம். தழை அரைத்துக் கொடுப்பதை நிறுத்தாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

“ஊட்டுல பசங்க யாருக்காச்சும் போன மாசம் காய்ச்சல், வாந்தி வந்துச்சுங்களா? அதுகளுக்கு லேசா வந்துட்டுப் போயிரும். கூட உண்ட பெரியவங்களத்தான் படுக்கப் போடும்.”

எனக்கு வந்திருந்தது. இரண்டு நாள் வாந்தி எடுத்தேன். நான் பிசைந்து மிச்சம் வைத்த சாமைச் சோற்றையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் அப்பாதான் வழித்துச் சாப்பிட்டார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“யாருக்கும் இல்லீங்க.”

அத்தை விடவில்லை. “அப்பறம் எவன்டா உனக்கு இந்த நோவக் குடுத்தது? அவன் கையி அழுவிப் போவ!”

“யாருங்கக்கா குடுப்பாங்க? சந்தையில கரும்புச் சாறு குடிச்சேன். ஐஸ் போட்டு.”

“பேளுக்குறிச்சி சந்தையக் கண்டா உனக்கு நாக்கு நிக்காதே!” என்று அத்தை மலையேறும் வரை திட்டினாள். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

எனக்கோ வேறு கோபம். ஒவ்வொரு சந்தைக்கும் நானும்தானே போகிறேன்? எனக்குத் தெரியாமல் எப்போது குடித்தார்? ஒரு வாய் தரவில்லையே! பத்து நாள் அவரோடு பேசவில்லை. எழுந்து உட்காரவும் தெம்பில்லாமல் கிடந்தவர், “அடுத்த சந்தைக்கு உனக்கு ரெண்டு கிளாஸ் வாங்கித் தாரன் சாமி, இந்தப் பக்கம் திரும்பு” என்று கெஞ்சினார். நான் திரும்பவில்லை.

அவர் எந்தச் சாறும் குடிக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.