சந்தனம் தாங்கிய மீட்டர்

ராசிபுரம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு நான் செய்து கொடுத்த முதல் மீட்டரைக் கழற்றச் சொன்னார் முதலாளி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து எடுக்கும் பாலின் புளிப்பை அளக்கும் மீட்டர் அது. பாலில் நிற்கும் கண்ணாடிக் கோல் ஒரு சின்ன வோல்ட்டேஜைத் தரும்; ஆனால் கோலுக்குள் தடை பத்துக் கோடி ஓம். அதை வாங்கிப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசி துளி கரண்ட் குடித்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஐசியில் வோல்ட்டேஜை வாங்கும் இரண்டு காலுக்கும் சமமான தடை போட்டால் சரிக்கட்டிவிடலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. இரண்டு காலும் ஒரே அளவு குடித்தால்தானே? பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, கரண்டே குடிக்காத விலை கூடிய ஐசியை வாங்கினேன். இரண்டு மாதம் எண் ஆடாமல் நின்றது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தாறுமாறாக ஓடியது.

"கோயமுத்தூர் மீட்டர் நாளைக்கு வருதுங்க அம்மிணி. உங்களுதைக் கழட்டிக்கங்க," என்றார் முதலாளி.

"நாளைக்குத்தானுங்களே?" என்று மீட்டர் பெட்டியைத் திறந்தேன். ஐசியின் கால்கள் மேல் அழகான சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மோட்டாருக்கு வைத்த கையோடு பாய்லர்காரர் இதற்கும் திறந்து வைத்திருக்கிறார். நல்ல மனசு. மில்லின் ஈரத்தில் ஊறிய சந்தனம் கரண்டுக்கு வழிவிட்டுவிட்டது. ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். எண் நின்றது.

"அப்ப இதுக்குப் பொட்டு வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க," என்றார் முதலாளி.

"அப்படிச் சொல்ல வேண்டாமுங்க. பொட்டு வெச்சாலும் மீட்டர் தாங்கற மாதிரி நான் பண்றேன். அடுத்த பூசை வரைக்கும் ரெண்டு மீட்டரும் இருக்கட்டுங்க."

புது போர்டில், கோலின் வோல்ட்டேஜை வாங்கும் காலைச் சுற்றி, அதே வோல்ட்டேஜில் நிற்கும் செம்பு வளையம் போட்டேன். வோல்ட்டேஜில் வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் எங்கே ஓடும்? மேலே வார்னிஷும் பூசினேன்.

அடுத்த ஆயுத பூஜையன்று, முதலாளி பார்க்க, என் பெட்டியைத் திறந்து ஐசி மேல் நானே சந்தனம் அப்பினேன். மறுநாள் போய்ப் பார்த்தோம். எண் அசையவில்லை.

சந்தனக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன். "கோயமுத்தூர் மீட்டருக்கும் உள்ளே ஒண்ணு வெய்யுங்க."

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. அந்த வாரம் கழற்றியது என் மீட்டரை அல்ல.