பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டு

ஏழெட்டு வருடம் இருக்கும். வேலூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஆறு நாட்கள் படுத்திருந்தேன். தைராய்டு கட்டியை எடுத்திருந்தார்கள். எனக்கு ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. ஆனால் நான் பெருமையாக நினைத்தது அதை அல்ல. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை என் குரல் போகும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்துப் பேச வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குரல் நரம்பு பாதித்திருக்கிறது, சில மாதங்களில் திரும்பலாம், ஆனால் பழையபடி இருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் கணவர் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார். அதில் நான் முதலில் எழுதியது, 'இதையா ஆண்டவர் எடுக்கணும்?' அவர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஆலங்காயம் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது சிறியவள். தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தபோது கை இயந்திரத்தில் சிக்கி, வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் வாய் ஓயாது. காபி கொண்டுவரும் அம்மாவிடம் வீட்டுக் கதையெல்லாம் கேட்பாள். இடது கையால் சாப்பிட்டு, சாம்பாரை மேலே சிந்திக்கொண்டு, தானே சிரிப்பாள். காலையில் எழுந்ததும் ஒரு கிறிஸ்தவப் பாட்டை ராகம் தப்பித் தப்பிப் பாடுவாள். பாடத் தெரிந்த எனக்கு அது காதில் முள் குத்துவது போல இருந்தது. பாடத் தெரியாதவளுக்குக் குரல் இருக்கிறது, எனக்கு இல்லை என்ற எரிச்சலும்தான்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நோட்டில் எழுதி நீட்டினேன்: 'கொஞ்சம் சும்மா இரு. இழந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.'

அவள் எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுன்னா எழுதியிருக்கேக்கா?" என்றாள். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் மடியில் கிடந்த கட்டுப் போட்ட கையை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் பாடவில்லை. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த பேரணாம்பட்டு முஸ்லிம் அம்மா, "இன்னா, இன்னைக்கு ஜெபப் பாட்டு இல்லையா? எனக்கு அதைக் கேட்டாத்தான் விடிஞ்ச மாதிரி இருக்குது" என்றார். நான் எழுந்து போய் நோட்டைக் காட்டினேன். 'மன்னிச்சுடு. பாடு.'

அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "நான் ஒண்ணும் சும்மா சிரிக்கலக்கா. ரெண்டு நாள் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினு அழுதேன். கர்த்தர்கிட்ட சண்டை போட்டேன். பதில் வரல. ஆனா யாரோ பக்கத்துல உட்கார்ந்து, நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்த மாதிரி இருந்துச்சு. கை போச்சு, அவரு போகல. அப்புறம் பாடணும்னு தோணுச்சு. அவ்ளோதான்."

பிறகு, "பாடுறப்ப கை தட்டத்தான் முடியல, அதான் பேஜாரா இருக்குது. உன் கையைக் கொஞ்சம் நீட்டேன்" என்றாள்.

வலது கையை நீட்டினேன். தன் இடது உள்ளங்கையால் அதில் தட்டிக்கொண்டே பாடினாள். ராகம் அன்றும் தப்பியது. நான் வாயை மட்டும் அசைத்தேன். எதிர்க் கட்டில் அம்மா டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட்டார். ஒரு இடத்தில் அவள் வரிகளை மறந்து, எதையோ சேர்த்துப் பாட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு. தையல் இழுத்து வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். மீதி இரண்டு நாளும் காலையில் அப்படித்தான் விடிந்தது.

வீடு திரும்பிய பிறகு அவள் அடிக்கடி போன் செய்வாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். ஐந்தாறு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தொண்டையிலிருந்து முதன்முதலாக ஒரு வார்த்தை வந்தபோது, "இன்னாக்கா, ஆம்பளைக் குரலாட்டம் இருக்குது" என்று சொல்லிச் சிரித்தவள், சட்டென்று அழுதுவிட்டாள்.

குரல் அதற்கு மேல் தேறவில்லை. இப்போது பாட்டை எடுத்துக் கொடுப்பது வேறொரு பெண். நான் இரண்டாவது வரிசையில் நின்று, கரகரத்த குரலில் எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறேன். என் குரலுக்காக நான் பாடிய வருடங்களில் இல்லாத ஒரு நிம்மதி அதில் இருக்கிறது. போனது திரும்பி வந்தால்தான் சந்தோஷம் என்று காத்திருந்தவள் நான். போனது போனபடியே இருக்க, ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று தெரிந்த அந்த நிமிடத்திலேயே சந்தோஷம் தொடங்கிவிடுகிறது என்பதை, ராகம் தெரியாத ஒருத்தியிடம்தான் கற்றுக்கொண்டேன்.