அஸ்கலே வறுத்த காபி

எத்தியோப்பியாவின் ஜிம்மாவில் அஸ்கலே போடும் காபிக்கு அந்தத் தெருவே அடிமை. சந்தையில் பச்சைக் கொட்டையைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். மண்சாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பாள். அன்று அதில் ஈர வாடை அடிக்கிறது என்று சாடியை எட்டி உதைத்தான் புருஷன் கிசாவ். அவள் முகத்தைச் சுவரில் மோதினான். பல் ஒன்று தெறித்தது. கதவைத் தாழிட்டுவிட்டு இடுப்பு வாரை உருவினான்.

பதினோரு வருஷமாக அவள் அலறலுக்கு யாரும் வந்ததில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று இருந்துவிடுவார்கள். இன்று அவள் அலறவில்லை. சிதறிய கொட்டையை அள்ளி அடுப்பிலிருந்த சட்டியில் போட்டாள். முதுகில் அடி விழ விழ வறுத்தாள். புகை ஜன்னல் வழியே தெருவுக்குப் போனது. அந்த ஊரில் காபி வறுக்கும் வாசனையே அக்கம்பக்கத்துக்கு அழைப்பு.

"இப்ப யாருக்குடி காபி?"

கதவு தடதடத்தது. "அஸ்கலே, வாசனை மூக்கைத் தொளைக்குது, தெறடி!"

பக்கத்து வீட்டு செனபெச் அக்கா. அவள் பின்னால் நாலு பெண்கள். காபிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஊரே காறித் துப்பும். கிசாவ் தாழை நீக்கினான்.

உதட்டில் ரத்தம் வழிய அவள் வறுத்ததை உரலில் இடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும், உள்ள போய் மூஞ்சியக் கழுவுடி" என்று கிசாவ் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். இரும்பு உலக்கையை அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

"கத்தாம உக்காரு தம்பி. மூணு சுத்து காபி குடிக்காம எந்திரிச்சா மரியாதையில்ல" என்றாள் செனபெச்.

மூன்றாம் சுற்று முடிவதற்குள் அந்தப் பெண்கள் அஸ்கலேயின் துணிகளை மூட்டை கட்டிவிட்டார்கள். அவள் செனபெச் வீட்டுக்கு நடந்தாள்.