லைட் சீலன் விளக்கணைத்த கல்யாணம்

பீடோங் வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகையில் யாரும் வழி போடுவதில்லை. மண்டபத்தின் பெயரைப் போடுவார்கள், அவ்வளவுதான். மண்டபம் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்தாலும் கவலையில்லை, ரோட்டோரத்தில் லைட் சீலனின் வளைவு ஜொலிக்கும். ஒரு பக்கம் மாப்பிள்ளை பெயர், மறுபக்கம் பெண் பெயர், நடுவில் கண் சிமிட்டும் சிவப்பு இதயம். அங்கே காரைத் திருப்பினால் சாப்பாடு உறுதி.

லைட் சீலன் என்பது ஊர் வைத்த பெயர். அடையாள அட்டையில் சத்தியசீலன். என் பக்கத்து வீட்டுக்காரர். கையில் எப்போதும் கறுப்பு டேப் சுருள் ஒன்று வளையல் மாதிரி தொங்கும். எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஜெனரேட்டர் மாலை ஆறு முதல் இரவு பத்து வரைதான் ஓடுமாம். பத்து அடித்தால், யார் வாயில் சோறு இருந்தாலும் சரி, பட்டென்று இருட்டு. அந்தக் கோபத்தில்தான் வயர்மேன் ஆனேன் என்பார். இருபத்தேழு வருஷமாக இந்தப் பக்கத்துக் கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் வெளிச்சம்தான். ஏணியைப் பிடிப்பவர் அவர் மனைவி குணசுந்தரி. முட்டி வலிக்கிறது என்று இவர் சொன்னால் ஏணியில் ஏறுபவரும் அவரே.

இந்தத் தொழிலில் ஒரு அநியாயம் உண்டு. சோறு ருசித்தால் சமையல்காரரைத் தேடிப் போய்ச் சொல்கிறோம். லைட் எரிந்தால் யாராவது நிமிர்ந்து பார்க்கிறோமா? ஒரு வரிசை அணைந்துபோனால் மட்டும் போன் பறக்கும். அதனால் சீலன் அண்ணன் போனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். "எங்க போச்சு?" என்றுதான் கேட்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை, அவர் விளக்குப் போட்ட கல்யாணத்தில் ஒரு தடவைகூடக் கரண்டு போனதில்லை என்பது. அதை யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அன்பரசி வந்து, என் கல்யாணத்தில் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்க வேண்டும் என்றாள்.

அன்பரசி தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவள் கல்யாண டின்னர் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்று இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, பூமிக்காக உலகம் முழுக்க விளக்கை அணைப்பார்கள். எர்த் ஹவர். வருஷா வருஷம் தன் மாணவர்களின் வீடுகளை இருட்டாக்குவதில் அவள் கெட்டிக்காரி.

"பிள்ளைங்கள லைட்ட அடைக்கச் சொல்லிட்டு, நான் மட்டும் பத்தாயிரம் பல்புக்குக் கீழ நிக்கவா அங்கிள்?" என்று கேட்டாள்.

சீலன் அண்ணன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கல்யாணத்தில் விளக்கு அணைந்தால், அணைத்தார்கள் என்று ஊர் சொல்லாது, அணைந்துபோனது என்றுதான் சொல்லும், இருபத்தேழு வருஷப் பேர் ஒரே ராத்திரியில் போய்விடும் என்று புலம்பினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் குணசுந்தரி அக்கா, "எரிய வைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு அடைக்கத் தெரியாதா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

பெண்ணின் அம்மா தேவகி லேசில் மசியவில்லை. மங்கல காரியத்தில் இருட்டா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கடைசியில் மேடையில் இரண்டு குத்துவிளக்கு, மேசைக்கு மேசை அகல் விளக்கு என்று சமாதானமானது. மின்விசிறிகள் மட்டும் ஓடும்படி சீலன் அண்ணன் வயரைப் பிரித்து வைத்தார். யாருக்கும் குழப்பம் வரக்கூடாதென்று அன்பரசி பத்திரிகையின் அடியிலேயே அச்சடித்துவிட்டாள்: எட்டரை முதல் ஒன்பதரை வரை விளக்குகள் அணைக்கப்படும்.

எல்லாம் யோசித்தார்கள், எங்களைத்தான் யோசிக்கவில்லை. பத்திரிகையில் ஏழு மணி என்றிருந்தால் நாங்கள் ஒன்பதுக்குப் போவோம். ஏழுக்கே போனால் நாற்காலிதான் வரவேற்கும். பத்திரிகையின் அடிவரியைப் படிக்கும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. மணியடித்தால் வகுப்பு நிறையும் என்று பழகிய பிள்ளை, ஏழு என்றால் ஏழு என்று நம்பிவிட்டது, பாவம்.

எட்டரைக்குச் சீலன் அண்ணன் விளக்குச் சுவிட்சுகளைக் கீழே இழுத்தார். ஐநூறு நாற்காலியில் நாற்பது பேர். உள்ளே அகல் வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்ததாம், பார்க்கத்தான் ஆளில்லை. வெளியே வளைவும் அணைந்து, செம்பனைக் காடு மண்டபத்தையே விழுங்கிவிட்டது.

நாங்கள் வழக்கம்போல் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்பது தப்பு, தாண்டிப் போனோம். என் வீட்டுக்காரர் வளைவைத் தேடித் தேடிக் காரை அடுத்த தோட்டம்வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். ரோட்டோரத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. முன்னால் மளிகைக்கடை பரஞ்சோதி இறங்கி நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு போயிருச்சு லா. சீலன் கதையும் முடிஞ்சிச்சு" என்றார்.

கல்யாணமே நின்றுவிட்டதாக யாரோ வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இரண்டு கார்கள் டவுனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று திரும்பியே போய்விட்டன. பட்டுச்சேலையும் பசியுமாக நான் உட்கார்ந்திருந்தேன். சீலன் அண்ணன் மேல் எனக்கும் கோபம்தான், மறைப்பானேன்.

உள்ளே நடந்ததைக் குணசுந்தரி அக்கா பிறகு சொன்னார். சீலன் அண்ணனின் போன் விடாமல் அடித்திருக்கிறது. பதினேழு பேர், பதினேழு பேரும் கேட்டது ஒன்றே: கரண்டு போச்சா? வளைவுக்குத் தனி சுவிட்சு உண்டு. அதில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். போட்டால் ஊர் வந்துவிடும், அவர் பேரும் பிழைக்கும். மேடையில் அன்பரசி காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். போடச் சொல்லி அவளும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

"வாக்குக் குடுத்தாச்சு. வா, போயி ஆளக் கூட்டிட்டு வருவோம்" என்றாராம்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடைக்கு அழைத்து வந்த உருமி மேளக் குழு, சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து பேரையும் அப்படியே ரோட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். மேளத்துக்குக் கரண்டு எதற்கு? திடீரென்று இருட்டுக்குள் உருமி அதிர்ந்தது பாருங்கள், நின்ற கார்களில் எல்லாம் கதவு திறந்தது. சத்தம் வந்த திசையில் போனால், அணைந்த வளைவுக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் சீலன் அண்ணன். பக்கத்தில் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு குணசுந்தரி அக்கா. ஒவ்வொரு காரிலும் குனிந்து அவர் சொன்னது ஒரே வசனம்தான்.

"கரண்டு போகல. நான்தான் அடைச்சேன்."

நூறு தடவையாவது சொல்லியிருப்பார். முதலில் கெஞ்சுவதுபோல் இருந்தது. எங்கள் காருக்கு வரும்போது குரல் கணீரென்று இருந்தது. பரஞ்சோதியிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஒன்பதே காலுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. அகல் வெளிச்சத்தில் எல்லாருமே கொஞ்சம் அழகாகத் தெரிந்தோம், என் வீட்டுக்காரர் உட்பட. போன் வெளிச்சம் காட்டவும் கூச்சமாக இருந்ததால் பக்கத்து மேசைக்காரர்களோடு பேசினோம். பிரியாணி எது, பச்சடி எது என்று தடவிப் பார்த்துச் சாப்பிட்டதில் ஒரே சிரிப்பு. இரண்டு நாள் பட்டினி கிடந்த தேவகி, இரண்டு தட்டுச் சோற்றைக் காலி செய்ததை நான் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு அன்பரசி மேடையிலிருந்து எண்ணச் சொன்னாள். பத்து, ஒன்பது என்று மண்டபமே எண்ணியது. ஒன்று என்றதும் பத்தாயிரம் விளக்கும் ஒன்றாக எரிந்தன. கூரையிலிருந்து சரம் சரமாக, மேடையில் மயில் தோகையாக, வாசலுக்கு வெளியே வளைவுவரை. ஐநூறு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். யார் தொடங்கியது என்று தெரியவில்லை, கைதட்டல் நிற்கவே இல்லை. எத்தனை கல்யாணத்தில் இதே விளக்குகளுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்! தோகையில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

சுவிட்சு அறையில் இருந்த சீலன் அண்ணன், கைதட்டல் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என்று நினைத்துக்கொண்டு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். குணசுந்தரி அக்கா அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவர் முகம் மாறிவிட்டது. அவசரமாக எடுத்தார்.

"எங்க போச்சு?"

அழைத்தது நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பரஞ்சோதி. எழுந்து வர வெட்கமோ, பிரியாணியை விட மனமில்லையோ தெரியாது.

"எங்கயும் போகல சீலா. லைட்டு நல்லா இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அப்படி ஒரு போன் சீலன் அண்ணனுக்கு வந்ததே இல்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.