வட்டத்துக்குள் என் முகம்

எங்கள் ஊரில் பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுகிறார்களோ இல்லையோ, பேனர் வைத்துவிடுவார்கள். பேனருக்கு அரசாங்கத் தடை உண்டு. அந்தத் தடையையும் கரிக்கலாம்பாக்கம் போகிற சாலையில் ஒரு பேனரில்தான் எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் பிறந்தநாள்காரன் ஆளுயரத்துக்குச் சிரிப்பான். கீழே வட்டம் வட்டமாகக் கூட்டாளிகள். யார் யாரோடு சுற்றுகிறான் என்பது அந்த வட்டங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் அப்போது ஓசூரில் மஞ்சள் காமாலையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, லாரி கிளீனர், கோவாவில் சமையல், பனித்திட்டில் கொஞ்ச நாள் படகு என்று முப்பத்தொன்பது வயது ஓடிவிட்டது.

எங்கள் தெருப் பையன்களின் தலைவனுக்கு இருபத்திரண்டாவது பிறந்தநாள். பேனரில் இருபது வட்டம் போட்டாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஒருவன் நகர்ப் பையன்களோடு போய்ச் சேர்ந்துவிட்டான். நகர் என்றால், வயலைப் பிளாட் போட்டு விற்றதில் முளைத்த புது வீடுகள். தெருவுக்கும் நகருக்கும் மூன்று வருடமாக அடிதடி. காலி வட்டத்தோடு பேனர் வைத்தால் மானம் போய்விடும் என்று, என் செல்போனிலிருந்து ஒரு படத்தை எடுத்து அதில் போட்டுவிட்டார்கள். கோவாவில் கறுப்புக் கண்ணாடி மாட்டி எடுத்தது. பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. படம் என்று பார்த்தால் பாஸ்போர்ட் அளவுக்கு மேல் என் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வேலை இல்லாமலே அந்தப் பக்கம் இரண்டு முறை நடந்தேன்.

மூன்றாம் நாள் யாரோ பிளேடால் பேனரைக் கிழித்துவிட்டார்கள். கீறல் என் மூக்கு வழியாகத்தான் போயிருந்தது. தெருப் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்புகளோடு நகருக்குப் போனார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்தது. பேனரைச் சுருட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தரையில் விரித்து, முகம் முகமாகப் பார்த்து லிஸ்ட் எழுதினார்கள். இருபதாவது பெயர் என்னுடையது.

லிஸ்டில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்குச் சமுதாய நலக்கூடத்தில் ஆலோசனை வகுப்பு. ஒரு மேடம் வந்து தாள் கொடுத்தார். பள்ளி விட்டதும் என்ன செய்கிறாய் என்று அதில் ஒரு கேள்வி. எனக்குப் பள்ளி விட்டு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்ததால் கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். அடுத்த கேள்வி, வருங்கால லட்சியம் என்ன?

லட்சியம் எனக்கு உண்மையிலேயே இருந்தது. மஸ்கட்டில் ஒரு கேண்டீனில் சமையல் வேலை சொல்லியிருந்தார்கள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். அந்த ரிப்போர்ட் அதே ஸ்டேஷனில் அதே மேசையில் காத்துக்கிடந்தது. காமாலை கண்ட உடம்போடு மறுபடி சாயத்திலோ லாரியிலோ நிற்க முடியாது. இதை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

எஸ்.ஐ. நல்ல மனிதர்.

“பேரு லிஸ்ட்ல இருக்கேய்யா. நான் இன்னா பண்றது?”

“படம்தான் சார் அங்க இருந்துச்சு. நான் வூட்ல கஞ்சி குடிச்சினு இருந்தேன்.”

“ஆடித் திருவிழா அடிதடி இல்லாம முடியட்டும். மறுநாளே உன் பேர அடிச்சிட்டு எழுதித் தரேன். இருக்கறதுல நீதான் பெரியவன். பாத்துக்க.”

இப்படித்தான் ஊர் அமைதி என் தலையில் வந்து விழுந்தது.

முதலில் போலீசே ஒரு வாலிபால் போட்டி வைத்தது. தெருவுக்கும் நகருக்கும் நல்லுறவு வளர்க்க. முட்டிவலிக்கார ஏட்டுதான் நடுவர். நாலாவது பாயின்டில், கோடு எங்கே இருக்கிறது என்று சண்டை வந்துவிட்டது. ஏட்டு பந்தைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய், கைப்பற்றிய பொருள் என்று எழுதிவிட்டார். அது இன்னும் ஸ்டேஷன் அலமாரியில்தான் இருக்கிறது.

திருவிழாவுக்கு இரண்டு பக்கமும் வில்லியனூரில் ஒரே கடையில் பேனர் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அடிதடி எல்லாம் பேனர் கிழிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கத்து முகங்களையும் ஒரே பேனரில், ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டுவிட்டால்? தன் மூக்கை அறுக்காமல் அடுத்தவன் காதை அறுக்க முடியாது.

தெருத் தலைவனிடம் சொன்னேன்.

“என் மூஞ்சிக்குப் பக்கத்துல அவன் மூஞ்சியா? உனுக்குக் காமாலை இன்னும் எறங்கலண்ணா.”

நகர்த் தலைவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், யார் மேலே என்று. நகர்க்காரன் இறங்கி வந்தான் என்றதும் தெருத் தலைவனும் அதையே கேட்டான். அதற்கு நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் எல்லோருக்கும் மேலே அம்மன், அம்மனுக்குப் பக்கத்தில் எஸ்.ஐ. என்று முடிவானது. எஸ்.ஐ. தடையைச் சொல்லி மறுத்தார். பிறகு எந்தப் படம் போடப் போகிறாய் என்று விசாரித்தார். மறுநாள் அவரே ஒன்று அனுப்பினார். தொப்பை வருவதற்கு முந்தைய படம்.

எதிர்ப்பக்கம் கிழித்துவிடும் என்று பயந்து இரண்டு பக்கமும் பேனருக்குக் காவல் போட்டன. நல்ல வெயில். நிழல் இருந்தது பேனருக்கு அடியில் மட்டும். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மூன்றாம் நாள் ஒரே செல்போனில் கிரிக்கெட் பார்த்தார்கள். திருவிழா அன்று காற்றில் பேனர் கட்டிய சவுக்குக் கம்பு சாய்ந்தபோது நாற்பது பேரும் ஓடிப் பிடித்தார்கள். கூழும் ஒரே அண்டாவில் குடித்தார்கள். அடிதடி இல்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. மாற்றலாகிப் பாகூர் பக்கம் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் வரும் வழியிலேயே பேனரைப் பார்த்திருக்கிறார். மேசையில் புது லிஸ்ட் இருந்தது. நாற்பது பேர் கொண்ட ஒரே கும்பல்.

“மேல போலீஸ் வேஷத்துல ஒருத்தன் இருக்கானே, யாருடா அவன்?”

சொன்னேன். லிஸ்டில் முதலாவதாக இருந்த ‘அடையாளம் தெரியாத நபர்’ என்பதை மட்டும் அடித்தார். என் பெயரை அடிக்கவில்லை.

“பேனர்ல மூஞ்சி இருக்கற வரைக்கும் லிஸ்ட்ல பேரு இருக்கும்.”

பேனரை இறக்கலாம் என்று இரண்டு தலைவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அதில் கை வைத்தால் கை இருக்காது என்று நகர்த் தலைவன் சொன்னான். ஆமாம் என்றான் தெருத் தலைவன். யாரும் கிழிக்க முடியாத பேனரைக் கண்டுபிடித்தது நான்தான், யாரைக் குறை சொல்ல?

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஏணி வைத்து ஏறினேன். பிளேடால் என் வட்டத்தை மட்டும் அறுத்தேன். பாதி அறுப்பதற்குள் பார்த்துவிட்டார்கள். தெருவிலிருந்தும் நகரிலிருந்தும் ஒரே நேரத்தில் ஸ்டம்போடு ஓடி வந்தார்கள். மீதியையும் அறுத்து, முகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வயல் வழியாக ஓடினேன். காமாலைக்குப் பிறகு என் முதல் ஓட்டம். ஸ்டேஷன் வாசலில்தான் நின்றேன்.

புது எஸ்.ஐ. வெளியே வந்தார்.

“எந்த குரூப்பு துரத்துது?”

“ரெண்டும் சார்.”

வயல் பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு கும்பலும் சேர்ந்து அடிக்க வருகிற ஆள் எந்தக் கும்பலிலும் இருக்க முடியாது என்று ஏட்டிடம் சொன்னார். ஏட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே, சரிதான் என்றார். ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்தது. துரத்தி வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, அந்த வாரத்து ஆலோசனை வகுப்பை அங்கேயே முடித்து அனுப்பினார்கள்.

இப்போது மஸ்கட்டில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன். போன வாரம் தெருத் தலைவன் போனில் பேசினான். கோபம் போய்விட்டது. அடிதடி இல்லையாம். மழைக்காற்றில் சாலையில் இருந்த மற்ற பேனர்கள் எல்லாம் கிழிந்துவிட்டனவாம். எங்களுடையது மட்டும், நான் அறுத்த ஓட்டை வழியாகக் காற்றை விட்டுவிட்டு நிற்கிறதாம்.

“நீ போனதுதாண்ணா அதுக்கு நல்லது” என்றான்.