தம்பிக்கு வந்த அம்மை

துறைமுகச் சுகாதார ஆய்வாளரை எல்லோரும் முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கறார் என்பார்கள். துறைக்கு வரும் கப்பல்களில் ஏறி, யாருக்காவது தொற்றுநோய் கண்டிருந்தால் ஆளைப் பிரித்துத் தனியாக வைப்பது அவர் வேலை. கப்பல் தலைவர்கள் கெஞ்சினாலும் எகிறினாலும் மசிய மாட்டார். பிரித்தவர்களை மாலுமிகள் விடுதியின் மேல்மாடிக்கு அனுப்பிவிடுவார். சாப்பாடு மாடிப்படிக்குக் கீழே உள்ள மேசைக்கு வரும். வைத்தவர் போன பிறகுதான் மேலே இருப்பவர்கள் இறங்கி எடுக்கலாம். தெருப் பக்கத்து ஜன்னலில் நின்று யாரோ போகிறவர் வருகிறவரோடு பேசினார்கள் என்று அதையும் ஆணி அடித்து மூடச் சொல்லியிருந்தார்.

ஒரு மழைக்காலத்தில், இயந்திரம் பழுதான சரக்குக் கப்பல் ஒன்று துறைக்கு வந்தது. இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம்.

"எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டுடுச்சு. மறுபடி வராது. நானே போறேன்," என்றார் கறார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டபோதும் இதையே சொல்லி நழுவியவர்தான். கப்பலின் குறுகலான அறையில் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து விசாரித்து, கையோடு அழைத்துவந்து மேல்மாடியில் விட்டார்.

அவன் குணமாகித் திரும்பினான். இயந்திரம்தான் குணமாகவில்லை. அதற்குள் அதே கப்பலில் இன்னும் நாலு பேருக்கு அம்மை கண்டது. சமையல்காரரும் அதில் ஒருவர். அவர்களையும் மேலே ஏற்றிய கையோடு கறாருக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. காலையில் சவரம் செய்யும்போது தாடையில் ஒரு கொப்புளம். கொசு கடித்தது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். அலுவலகத்துக்கு வந்து சட்டையை விலக்கிப் பார்த்தால் நெஞ்சில் நாலைந்து. தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, எனக்கு அம்மை போட்டது எந்த வயசுல?"

"உனக்கு எங்கடா போட்டுச்சு? அது உன் தம்பிக்கு. உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டோம். நல்லா தின்னு குண்டாகி வந்தியே."

"இத்தனை வருஷமா எனக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"நீ என்னைக் கேட்டியா?"

அலுவலக மருத்துவர் கறாரின் மகள் வயதுப் பெண். தூரத்தில் நின்றே பார்த்து அம்மைதான் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை கறாரின் மகள் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது.

"வீட்டுக்குப் போகாதீங்க சார். மேல்மாடில ஒரு கட்டில் காலியா இருக்கு."

"மேல்மாடியா?"

"நீங்க வச்ச சட்டம்தானே சார்."

முகமெல்லாம் மருந்து பூசிக்கொண்டு அவர் படியேறியபோது நாலு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகள் சட்டென்று தலையணைக்கு அடியில் போயின. சமையல்காரர் மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்களைப் பிடிக்க வந்தீங்களா சார், படுக்க வந்தீங்களா?"

"படுக்க."

முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். கறாருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முகம் அரித்தது.

காய்ச்சலில் அவர் சுருண்டு கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டது சமையல்காரர்தான். கை தன்னையறியாமல் சொறியப் போனால், "தழும்பு விழும்னு எங்களைத் திட்டினீங்களே," என்று பிடித்துக்கொள்வார். காய்ச்சல் விட்டதும் கறாருக்குப் பசித்தது. கீழிருந்து வந்த சாப்பாடு சில்லிட்டிருந்தது.

"தினமும் இப்படித்தானா அண்ணே?"

"இன்னிக்குப் பரவாயில்ல சார்."

கறார் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சமையல்காரர் தயங்கிக்கொண்டே ஒன்று கேட்டார்: "சார், எங்க கப்பல் இருக்கா, போயிடுச்சா?"

"ஏன்?"

"உடம்பு எப்படியும் சரியாயிடும். எங்களை விட்டுட்டுக் கிளம்பிடுவாங்களோன்னுதான் தூக்கம் வரல."

பழுது பார்க்கும் வேலை இழுத்துக்கொண்டிருப்பது கறாருக்கு முதலிலிருந்தே தெரியும். இவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. உடனே துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். "இயந்திரத்தைக் கழட்டி அக்குவேறா ஆணிவேறா போட்டிருக்காங்க சார். இப்போதைக்குக் கிளம்பாது," என்றது எதிர்க்குரல். கப்பல் கிளம்பாது என்பதற்கு மாலுமிகள் கைதட்டி அவர் பார்த்ததில்லை. அதன்பிறகு தினமும் காலையில் பல் தேய்த்ததும் அந்தப் போன்தான்.

ஜன்னல் ஆணிகளை அவரே கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தார். மறுநாள் எதிர்ச்சாரி நடைபாதையில் குடை பிடித்தபடி மனைவி வந்து நின்றார். பக்கத்தில் மகள், அவள் தோளில் குழந்தை.

"என்னங்க, முகத்துக்கு வெள்ளை அடிச்சிருக்காங்களா?"

"உனக்குக் கிண்டலா இருக்கு."

"பேத்திக்குத் தாத்தாவை அடையாளம் தெரியலையாம்."

நாலு மாலுமிகளும் ஜன்னலில் முட்டிக்கொண்டு கையாட்டினார்கள். குழந்தை யாரைப் பார்த்துச் சிரித்தது என்று அன்று முழுக்க வாக்குவாதம் நடந்தது. தன்னைப் பார்த்துத்தான் என்று கறார் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கொப்புளங்கள் பொருக்குத் தட்டி உதிர்ந்தன. கப்பலும் ஒருவழியாகச் சரியாயிற்று. கிளம்பும் அன்று அவரே நால்வரையும் வண்டியில் ஏற்றிப்போய்க் கப்பலடியில் விட்டார். சமையல்காரர் அவர் கையைப் பிடித்து, "அடுத்த தடவை சும்மா வந்து சாப்பிட்டுப் போங்க சார், சூடா," என்றார்.

மேல்மாடிக்கு இப்போது மின்அடுப்பு வந்துவிட்டது. கறார் மட்டும் கறாராகத்தான் இருக்கிறார். போன வாரம்கூட ஒரு கப்பல் தலைவர் சண்டைக்கு வந்தார். இவர் அசையவில்லை. நோயாளியைப் படியேற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் கப்பல் எட்டாம் மேடையில நிக்குது. கிளம்பற நாள் தெரிஞ்சதும் முதல்ல உனக்குத்தான் சொல்வேன். இப்ப தூங்கு," என்றார்.