ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்

மரிய அந்தோணி வாத்தியாருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் உயிர் வரும். ஞாயிறு பூசை முடிந்து, ஆவூர்ப் பக்கத்துப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தைத் திறந்தால், சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படிக்கிற ஆறேழு பேர் காத்திருப்பார்கள். மற்ற நாளெல்லாம் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கத்துவதுதான் பிழைப்பு. பதினாலு வருசமாக அதே நாலாம் வகுப்பு!

ஞாயிறு வகுப்பில் முதல் வேலையாக அகராதியை மூடச் சொல்வார்.

"மொதல்ல ஒங்க கதை ஒண்ணை எழுதுங்க. வாயில எந்தெந்தப் பாஷை வருதோ அத்தனையும் வரட்டும்."

கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் பினாங்கில் கடை வைத்திருந்த தன் அத்தாவின் மலாய்ப் பேச்சைக் கலந்து எழுதினார். ஆலங்குடி ராசு தன் வீட்டுத் தெலுங்கில் எழுதினான். மரிய செல்வியின் கதையில் அவள் அம்மா ஜெபமாலை உருட்டியபடியே மருமகளைத் திட்டுகிறாள், ஒரு வரி லத்தீன் மன்றாட்டு, அடுத்த வரி "நாசமாப் போறவளே." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒருவர் கதையை இன்னொருவர் இங்கிலீஷில் எழுத வேண்டும். சொந்தமாக நாலு வரி எழுதி நொந்தவனுக்குத்தான் அடுத்தவன் எழுத்தின் அருமை தெரியும் என்பது வாத்தியாரின் கட்சி.

ராசு அந்தத் திட்டை, "கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார்" என்று இங்கிலீஷில் மெழுகிவைத்தான். வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தம்மா திட்டுனதை ஆசீர்வாதமாக்க நீ யாருப்பா? ஒன் கதையில என்ன வேணாலும் புளுகு. அடுத்தவங்க சொன்னதுல கை வைக்காத!"

1956 தை மாதம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அவருக்காகவே செய்துவைத்த மாதிரி. வயது வரம்பில் அவருக்கு இதுதான் கடைசி வருசம். பள்ளித் தாளாளர் விடுவித்துச் சம்மதம் எழுதினால் போதும்.

தாளாளர் சவரிமுத்துச் சாமியார். நல்ல மனுசர், அதுதான் வம்பு. அவருக்கு லத்தீன் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் என்றால் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக் கூரை, கிணறு எல்லாமே வெளிநாட்டு உபகாரிகளுக்கு அந்தோணி வாத்தியார் எழுதிய கடிதங்களால் வந்தவை.

"வாத்தியாரே, மெட்ராசுக்குப் பதில் எழுதணும். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல போடுங்க. இவரை விட்டா எங்களுக்கு ஆளில்ல. இந்த வருசம் மட்டுமில்ல, எந்த வருசமும் விடுறதுக்கில்ல."

"சாமி, எனக்கு இதான் கடைசி வாய்ப்பு."

"தெரியும் வாத்தியாரே. நீங்க போயிட்டா கடுதாசி யாரு எழுதுவா, சொல்லுங்க?"

வாத்தியார் பேனாவைத் திறந்தார். சாமியார் எதையும் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார். 'சந்தோஷமாக விடுவிக்கிறோம்' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அந்த வாக்கியம் பேனா முனைவரை வந்து நின்றது. எழுதவில்லை. சாமியார் சொன்னதை அப்படியே எழுதினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதும், வாக்கியங்கள் அழகாக விழுந்ததில் மனசு ஓர் ஓரமாகச் சந்தோஷப்பட்டது. அதற்காகத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. சாமியார் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

விஷயம் தெரிந்து மனைவி அருளம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"ஒத்த வார்த்தைய மாத்தியிருந்தா இந்நேரம் மூட்டை கட்டியிருக்கலாம்ல?"

"மாத்திட்டு, ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளைங்க மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

"இனி எங்க மூஞ்சியில மட்டும் எப்பிடி முழிப்பீங்களாம்?"

அன்று அவள் அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்கே போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு சாமியார் மெட்ராசிலிருந்து வந்த கடிதத்தோடு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னார். மாணவர்கள் முன்னால் வாத்தியார் எழுந்து நின்று, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்: 'தங்கள் வேண்டுகோளின் நியாயம் எங்களை உருக்கியது. திரு. மரிய அந்தோணியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.'

சாமியாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வாத்தியாரின் தோளைத் தட்டினார்.

"ஒங்க இங்கிலீஷுன்னா சும்மாவா வாத்தியாரே! ஒரே கடுதாசியில ஒத்துக்கிட்டாங்க பாருங்க!"